அவள் சொல்ல நான் எழுதிய கடிதங்கள்

மூன்று கார்பன் தாள்களை இடையில் வைத்து எழுதினால் நான்காவது தாளிலும் எழுத்து விழ வேண்டும். அதற்குப் பேனாவை நன்றாக அழுத்த வேண்டும். அப்படி அழுத்தி அழுத்தி என் வலது கை நடுவிரலில் விழுந்த காய்ப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொள்ளும், சோறு பிசையும்போது பளிச்சென்று தெரியும், மாமியார் பார்த்து முகம் சுளிப்பார். இவ்வளவு பாடுபட்டு நான் எழுதியது என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். இன்னொருத்தி சொன்னதை எழுதினேன்.

இன்னொருத்தி என்றால் என் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி. என்னைவிட ஏழு வயது சின்னவள். எலவனாசூர்கோட்டையில் ஓர் அரிசி வியாபாரியின் மகள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நானோ பள்ளி இறுதி வரை படித்து, தமிழில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் பெருமைக்காகச் சொல்வது போல இருக்கும். இப்போதும் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கணவரின் தகப்பனாரை மாமா என்று கூப்பிடுவோம். மாமாவுக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இரும்புக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்வராயன் மலையில், கரியாலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு காப்பித் தோட்டக்காரர் கட்டிப் போட்டிருந்த ஓட்டு வீட்டை மாமா நீண்ட குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடந்தது. வெளியூர்க் குடும்பங்களுக்கு வாரக் கணக்கில் விடலாம் என்று யாரோ யோசனை சொல்ல, பத்திரிகையில் மூன்று வரி விளம்பரம் கொடுத்தார். நெய்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் கார்டு வர ஆரம்பித்தது. வீடு எப்படி இருக்கும், என்ன வசதி, குழந்தைகளோடு வரலாமா என்று கேட்பார்கள். பதில் எழுத வேண்டும். வீட்டில் தமிழ் படித்தவள் நான் ஒருத்திதான். மாமா என்னைக் கூப்பிட்டு, "பெரியவளே, நல்லா எழுதிப் போடும்மா, படிச்சா மூட்டையக் கட்டிக்கினு கெளம்பணும்" என்றார்.

எழுதினேன். இயற்கை அன்னையின் மடி என்றேன். மேகங்கள் முத்தமிடும் முற்றம் என்றேன். வீட்டுக்கு வெளியே தகரக் கதவு போட்ட குளியலறையை நவீன வசதிகள் கொண்ட தனிக் குளியலறை என்றேன். சுனையிலிருந்து குடத்தில் தூக்கி வர வேண்டிய தண்ணீரை வற்றாத நீர்வளம் என்றேன். அருவி மூன்று மைல். நான் கூப்பிடு தூரம் என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் நான் ஒரே ஒரு பகல்தான் இருந்திருக்கிறேன், அருவிப் பக்கம் போனதே இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை நானே நாலு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தலையில் 786 போட்டு, கீழே மாமாவின் பேரைப் போட்டு, எழுத்தில் ஒரு கோணல் இல்லாமல் இருக்கும்.

கடிதத்தைப் படித்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதே மூட்டையோடு திரும்பியும் வந்தார்கள். சிதம்பரத்துக்காரர் ஒருவர் மலைக்குப் போன மறுநாளே கடைக்கு வந்து, எல்லாரும் பார்க்க, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி அட்டை கடித்த இடங்களைக் காட்டினார். "இன்னாய்யா நவீன வசதி? கதவுக்குத் தாப்பாளே இல்ல. எம் பொண்டாட்டி குளிக்கிறதுக்கு நான் காவல் நிக்கறேன், எனக்கு அட்டை காவல் நிக்குது" என்று கத்தினார். கடையில் ஆணி வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சின்னவள் கல்யாணமாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கொழுந்தன் அவளை மலை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தான். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, மதியச் சாப்பாட்டின்போது மாமியார் கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள்.

"காலைல ஆறு மணிக்குப் பின்வாசல் தொறந்தா மேகம் உள்ள வந்துடுதுங்க மாமி. அடுப்பாங்கரை வரைக்கும் வருது. ஆனா துணி காயாது. மூணு நாளு ஒரே ஈரம். அட்டை இருக்குது, வேப்பெண்ணெய்யும் சுண்ணாம்பும் கலந்து கால்ல பூசிக்கினா கிட்ட வராது. அருவிக்கு எறங்கறது சுளுவு, ஏறி வர்றப்ப ரெண்டு எடத்துல உக்காரணும். சமைச்சுப் போடற மலைக்காரரு பேசவே மாட்டாரு, சாமைச்சோறு பொங்கினாருன்னா இன்னொரு தட்டு கேப்போம்."

மாமா கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, நீ இப்ப சொன்ன இதையே எழுதிப் போட்டா இன்னா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, ஈரத்துணி. இதைப் படித்து யார் வருவார்கள்? சின்னவளும் பயந்துபோய், தன் கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். மாமா விடவில்லை. "சின்னவ சொல்லட்டும், பெரியவ எழுதட்டும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிக் கை கழுவப் போனார். அன்றைக்கு என் வயிற்றில் பற்றிய நெருப்பு அணைய எத்தனை வருஷம் ஆனது என்று கேட்காதீர்கள், அணைந்ததா என்று கேளுங்கள்.

மதியம் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு உட்காருவோம். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ சொல்லுவாள். நான் எழுதுவேன். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. குறையைச் சொன்னால் அதே மூச்சில் அதற்கு ஒரு வழியும் சொல்லிவிட வேண்டும். நல்லதைச் சொன்னால் அது எப்போது, எந்த இடத்தில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். "குளியலறை வீட்டுக்கு வெளியே இருபது அடி தள்ளி இருக்கிறது. மழையில் குடை வேண்டும். குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. தாழ்ப்பாள் இப்போது புதிதாகப் போட்டிருக்கிறோம்." அதை எழுதுவதற்காகவே கொழுந்தனை மலைக்கு அனுப்பித் தாழ்ப்பாள் போட வைத்தாள். குடையும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அழகு என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "தெற்குப் பக்கத்து அறையில் படுத்தால் பலா மரம் தெரியும், குரங்கும் தெரியும்" என்பாள். நான் நடுவில், "ரம்மியமான பலா மரம்னு போடட்டுமா?" என்று கேட்பேன். "பலா மரம்னா பலா மரந்தானுங்க்கா" என்பாள். அடக்கமாகத்தான் சொல்லுவாள். அதுதான் இன்னும் எரியும்.

ஆட்கள் வந்தார்கள். மறு வருஷமும் வந்தார்கள். தங்கையை, மச்சினியை எல்லாம் அனுப்பினார்கள். விருத்தாசலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு பத்து நாள் இருந்தாராம், ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாராம். சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது யார் எழுதியது என்று கடையில் விசாரித்திருக்கிறார். மாமா பெருமையாக, எங்க சின்ன மருமகள் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்து யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று சுற்று வட்டார விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். மறியல் அறிவித்தால் புளிய மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டுவிடுவார்கள், நாள் கணக்கில் பஸ் ஓடாது. எங்களுக்கு அது பத்திரிகையில் வரும் முன்பே தெரிந்துவிடும். களமருதூரிலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும் ஆட்கள் வந்து கடையில் கோடாலியும் கயிறும் சேர்ந்தாற்போல வாங்கினால், மறுநாள் சாலை இல்லை என்று அர்த்தம். எல்லாரும் மாமாவுக்கு இருபது வருஷ வாடிக்கை. கலப்பைக் கொழுவும் மண்வெட்டியும் இங்கேதான் வாங்குவார்கள். அவர்களே, "பாய், நாளைக்கு வெளியூரு போற வேல வெச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாமாவும் தலையாட்டிவிட்டு, எடை போட்டுக் கொடுப்பார்.

சின்னவள் உடனே அதையும் கடிதத்தில் சேர்க்கச் சொன்னாள். மற்றதெல்லாம் கார்பன் வைத்து எழுதியது. அடியில் மட்டும், தபாலில் போடும் அன்றைக்கு, ஒவ்வொரு தாளிலும் தனியாக எழுத வேண்டும். "சாலையில் மரம் போட்டு மறியல் நடக்கிறது. கிளம்பும் நாள் காலையில் எங்கள் கடைக்கு போன் செய்யுங்கள். வரலாம் என்று நாங்கள் சொன்ன பிறகு பஸ் ஏறுங்கள்." வருகிறவர்களை நாமே தடுப்பதா என்று மாமாகூடத் தயங்கினார். "நடு ரோட்டுல நின்னாங்கன்னா நம்ம வூட்டதான் திட்டுவாங்க மாமா" என்றாள் அவள். எழுதினோம். அப்படியும் ஆட்கள் போன் செய்து கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஒரு நாள் அந்தத் தலைமையாசிரியரிடமிருந்து கார்டு வந்தது. "கடிதம் எழுதும் சின்ன மருமகள் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தார். "நீங்கள் எழுதியது போலவே எல்லாம் இருந்தது. நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட இப்படி எழுத வந்ததில்லை." மாமா அதைக் கல்லாவுக்கு மேலே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி செருகி வைத்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது மூன்று தடவை படித்தேன்.

அன்று மதியம் நெய்வேலிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கூட அவருடைய அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி, ஏறி இறங்க முடியாது, வரலாமா என்று கேட்டிருந்தார்கள். அருவியை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்றால் வாருங்கள் என்று சின்னவள் சொல்ல, எழுதினேன். அடியில் சேர்க்க வேண்டிய மூன்று வரியையும் வழக்கம்போலச் சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வந்து ஒரு நாள் திண்டாடட்டும், கடைக்கு வந்து கத்தட்டும், கல்லாவுக்கு மேலே இருக்கும் கார்டுக்குப் பக்கத்தில் அந்தக் கத்தலும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மறதி இல்லை, கை வலி இல்லை. தெளிவாக நினைத்து, அந்த மூன்று வரியை எழுதாமல் தாளை மடித்து ஒட்டினேன். அந்த அம்மாவின் மூட்டு வலி அப்போது என் நினைவில் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அவர்கள் கிளம்பி வந்த அன்று காலையில்தான் மரங்கள் விழுந்தன. உளுந்தூர்பேட்டை தாண்டிப் பஸ் நின்றுவிட்டது. திரும்பிப் போகவும் வழி இல்லை, பின்னாலும் மரம். வெயிலில் மூன்று மைல் நடந்திருக்கிறார்கள். அந்த அம்மாவைப் பாதித் தூரம் மகன் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாராம். எலவனாசூர்கோட்டையில் ஒரு கடையில் நிழலுக்கு ஒதுங்கி, கடிதத்தைக் காட்டி வழி கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் எங்கள் கடையின் பேரைப் படித்துவிட்டு, அந்த வீட்டுச் சின்ன மருமகள் இந்த ஊர்ப் பெண்தான் என்று சொல்லி, நேரே அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவர்கள் பாய் விரித்து, சோறு போட்டு, வைத்தியரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார்கள். நான் செய்த வினையும் கடைசியில் அவள் பிறந்த வீட்டுக்குத்தான் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் அவள் அப்பா வயல் வழியாகவே சைக்கிள் மிதித்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்து, "சம்பந்தி, கெழவிக்குக் கால் வீங்கிப் பழுத்துக் காய்ச்சல் அடிக்குது. ரோடு அடைப்புன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா வந்திருக்க மாட்டோம்னு அந்தப் புள்ள அழுவுறான்" என்றார். மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னவளைக் கூப்பிட்டு, அவள் அப்பா எதிரிலேயே, "அந்த மூணு வரிய சொல்லலையா நீ?" என்று கத்தினார். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "சொன்னேன் மாமா. இதுல இல்ல" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மறந்துட்டேன் மாமா" என்றேன். நாள் முழுக்க எழுதுகிற கைதானே என்று மாமியார் எனக்காகப் பேசினார். அத்தோடு முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

என்னால் முடியவில்லை. அவள் ஒரு பார்வை, ஒரு குத்தல் பேச்சு காட்டியிருந்தால் நானும் சண்டை போட்டுத் தேறியிருப்பேன். அவளோ அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நானே போய் எதிரில் நின்றேன்.

"மறக்கல. வேணும்னுதான் எழுதாம விட்டேன்."

"தெரியுங்க்கா."

"எப்படித் தெரியும்?"

"நாலு வருசமா எழுதறீங்க. ஒரு எழுத்துக்குக் கால் போட மறந்ததில்ல நீங்க. மூணு வரிய மறப்பீங்களா?" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "எதுக்குங்க்கா?" என்று கேட்டாள்.

"உன் பேரு கெடணும்னு."

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயமா, வேறா என்று எனக்குத் தெரியாது. கட்டிப்பிடித்து, பரவாயில்லை அக்கா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "மாமாகிட்ட சொல்லிடுங்க. அந்த அம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிந்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

மாமாவிடம் சொன்னேன். கணவர் பக்கத்தில் இருந்தார், தலை நிமிரவே இல்லை. சாலை திறந்த அன்றைக்கு முதல் பஸ்ஸில் எலவனாசூர்கோட்டைக்குப் போனேன். அந்த அம்மா பாயில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்திருந்தார். யார் நான், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று மூன்றையும் சொன்னேன். அவர் மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓரகத்தி மேல காண்டுன்னா அவ மண்டைய ஒடைக்கணும். எங்காலு இன்னாடி பண்ணுச்சு ஒன்ன?" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சாலையோரத்தில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன.

அதன் பிறகு பல மாதம் கடிதமே போகவில்லை. மறியலும் ஓயவில்லை, கேட்டு எழுதுகிறவர்களும் குறைந்துபோனார்கள். கொழுந்தன் எழுதிப் பார்த்தான், அவன் எழுத்து அவனுக்கே புரியவில்லை. அடுத்த கோடையில் நிலைமை தணிந்து கார்டுகள் வர ஆரம்பித்தபோது, மாமா என் பக்கம் திரும்பாமலே, "யார் எழுதறது?" என்று பொதுவாகக் கேட்டார். "அக்காதான் எழுதணும்" என்றாள் சின்னவள்.

பழையபடி தாளும் கார்பனும் வைத்து உட்கார்ந்தோம். மேகம், ஈரத்துணி, அட்டை, குடை எல்லாம் வந்தன. சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. இதற்கு முன்னால் அது கடையில் கிடைக்கும் என்று முடிந்துவிடும். இந்த முறை அவள் அரிசியைப் புடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். பேச்சுத் தமிழில் சொன்னதை, அடியில் மாமா பேரோடு சின்ன மருமகள் என்றும் சேர்த்து, நான் எழுத்துத் தமிழில் எழுதியது இது: "சாவி கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் என் ஓரகத்தியிடம் இருக்கிறது. முதல் தடவை பார்த்தால் சிரிக்க மாட்டார். சட்டென்று கோபம் வரும். அடுத்தவரைப் புகழ்ந்தால் முகம் சுருங்கும், அதனால் அவர் எதிரில் என்னைப் புகழ வேண்டாம். தப்பு செய்தால் அவரே தேடி வந்து உங்களிடம் சொல்லிவிடுவார். இந்த வீட்டில் நீங்கள் நம்பி எதையும் கொடுக்கக்கூடியவர் அவர்தான்."

பேனா பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுங்க்கா" என்றாள். "குறைய சொன்னா வழியயும் சொல்லணும் இல்ல?" முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். எழுதினேன். நான்கு தாளிலும் விழும்படி அழுத்தி எழுதினேன்.

அந்த மலை வீட்டை இப்போது என் மகன் செல்போனில் ஏற்றி வாடகைக்கு விடுகிறான். குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்து போகிறவர்கள் நட்சத்திரம் போடுகிறார்கள். வீட்டைப் பற்றி நாலு வரி சொல்லுங்கம்மா என்று என்னைக் கேட்டான். உன் சின்னம்மாவைக் கேள் என்றேன். அவள் புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறாள். போனிலேயே சொன்னாள், அவன் எழுதிக்கொண்டான். ஐந்து நட்சத்திரம் வரும்போதெல்லாம் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, சாவியைப் பற்றி அப்படி எழுதிய அந்தக் கோடையில் முதலில் வந்த பெண்ணைப் பற்றி. புதுச்சேரிக்காரி, கைக்குழந்தையும் கணவனுமாக வந்து வாசலில் நின்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சாவியை நீட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீங்கதானே அவங்க?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே அவள் கழுத்திலிருந்த நகையையும் கை வளையல்களையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்தாள். "மலையில எதுக்குங்க இதெல்லாம், திரும்பி வர்றப்போ வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ரசீதுகூடக் கேட்காமல் படியிறங்கிப் போனாள். கனமான முடிச்சு. அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். நானாக எழுதிய எந்த வரியையும் நம்பி ஒருத்தரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. பின்னால் அடுப்படியில் சின்னவள் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது. அவளைப் போல ஒரே ஒரு கடிதமாவது நான் எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.